கைமேல் உட்காருகிறவள்

இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொள்கிறாள். எதிரே கட்டிலில் அவளுடைய அப்பா கைப்பேசியோடு மல்லுக்கட்டுகிறார். மூக்கில் ஆக்சிஜன் குழாய், விரலில் நடுக்கம். இவளோ வாயைத் திறப்பதில்லை. நோயாளிகளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வது என் தொழில். தடுமாறுகிறவர் பக்கம் கை தானாக நீள வேண்டும் என்று பழகியவள் நான். முதல் நாள் இதைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற மகளா இவள்?

இணையதளங்களில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று தீர்மானிப்பது அவள் வேலை. கீறல் விழுந்த பழைய போன் ஒன்று எப்போதும் பையில் கிடக்கும். தான் செய்ததை முதலில் அதில்தான் பார்ப்பாள், அதுவும் வெயிலில் நின்றபடி. வீட்டிலும் அதே புத்தி. எந்தக் குமிழ் எந்த அடுப்புக்கு என்று நான் குழம்புவதைப் பார்த்துவிட்டு, நெயில் பாலிஷால் நிறத்துக்கு ஒன்றாகப் பொட்டு வைத்தாள். கடைக்குப் போனால் கதவோடு சண்டை. "தள்ளணுமா இழுக்கணுமானு யோசிக்க வெச்சா, அது கதவில்ல சிஸ்டர், பரீட்சை" என்பாள். லிஃப்டில் யாராவது தவறான பொத்தானை அழுத்திவிட்டு அசடு வழிந்தால், முன்பின் தெரியாதவராக இருந்தாலும் விடமாட்டாள். "உங்க தப்பில்ல, செஞ்சவங்க தப்பு."

இப்போது அவள் கையில் இருப்பது, வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் நிறுவனத்தின் புதுத் தளம். நாங்கள் வாங்குவதும் அங்கேதான். இதுவரை போன் செய்து கேட்டோம். அடுத்த வாரம் முதல் அது கிடையாது, தளத்தில்தான் கேட்க வேண்டும். அதற்குத்தான் அப்பாவை வைத்து ஒத்திகை.

பெரியவர் எண்ணைத் தட்டினார், முகவரியைத் தொட்டார், 'அடுத்து' என்றிருந்ததை அழுத்தினார். திரை நிறைய ஒரு குடும்பம் சிரித்தது. நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"முடிஞ்சது பாப்பா. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க பாரு."

முடியவில்லை. உறுதி செய்யும் பொத்தான் அந்தப் படத்துக்குக் கீழே, திரைக்கு வெளியே இருந்தது. படம் அந்த நிறுவன முதலாளி கேட்டது. பொத்தானைக் கீழே தள்ளியது இவள் கை. முகத்தில் ரத்தமே இல்லாமல் சமையலறைக்கு வந்தாள். "சிலிண்டர் வராது சிஸ்டர். வரும்னு நம்பித் தூங்கியிருப்பாரு." மூச்சு முட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு படத்தால் மூச்சு முட்டும் என்று கேள்விப்பட்டதில்லை.

அவரிடமாவது சொல்லித் தொலையேன் என்றேன். மறுத்துவிட்டாள். "சொன்னா அப்பா கத்துக்குவாரு. மத்த வீட்டுல இருக்கறவங்களுக்கு யார் போய்ச் சொல்றது?"

படத்தை எடுக்க முதலாளி இசையவில்லை. அதில் சிரிப்பது அவருடைய சொந்தக் குடும்பம். அழகாகத்தானே இருக்கிறது, கொஞ்சம் கீழே தள்ளிப் பார்க்கத் தெரியாதா ஜனங்களுக்கு என்று கேட்டாராம். அவள் வாதாடவில்லை. அவரை வீட்டுக்கே அழைத்துவந்து, கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டாள்.

பெரியவர் மறுபடி தட்டினார். குடும்பம் மறுபடி சிரித்தது. முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஐயா, கொஞ்சம் கீழ..." என்று விரலை நீட்டினார்.

"கையை அடியில வெச்சுக்கங்க சார்" என்றாள். "மூச்சு திணறுறப்போ பக்கத்துல நீங்க இருக்க மாட்டீங்க."

அவ்வளவு பெரிய மனிதர், பள்ளிப் பிள்ளைபோலக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"ஆச்சு" என்று பெரியவர் கைப்பேசியைத் தலையணையோரம் வைத்துக் கண்ணை மூடினார். முதலாளி வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார்.

அவள் தன் கைகளை வெளியே எடுத்தாள். உள்ளங்கைகள் சிவந்து கிடந்தன. எழுந்து போய், கட்டிலருகே நின்ற சிலிண்டரைச் சக்கரத்தோடு மெல்லத் திருப்பி, அளவு காட்டும் முள் அவருக்குத் தெரியும்படி நிறுத்தினாள்.