கல்லுச்சட்டைப் புழு

சிதம்பரத்தில் ஒரு கல்லூரி லேபில் நான் அட்டெண்டராக இருந்தேன். பள்ளிக்கூடம் போனதில்லை, பாட்டில் கழுவத் தெரியும். ஆராய்ச்சி படித்த ஒரு பெண், மலை ஓடையிலிருந்து ஐஸ் பெட்டியில் புழுக்கள் கொண்டுவந்தாள். மணலையும் பொடிக்கல்லையும் எச்சிலால் ஒட்டிக் குழாய் செய்து, அதற்குள் குடியிருக்கும் புழு. இறக்கை முளைத்து வெளியே வந்தால்தான் எந்த வகை என்று சொல்ல முடியுமாம். ஒன்றாவது வராவிட்டால் அவளுடைய மூன்று வருடப் படிப்பு நின்றுவிடும்.

நம் ஊர் வெயிலில் குளிர்ந்த தண்ணீருக்கு எங்கே போவது? என் மனைவியின் தம்பி கடலூர் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைப்பவர். முதல் பஸ்ஸில் பெட்டியோடு வந்துவிடுவார். "பூச்சிக்கு ஏசி, நமக்கு விசிறிகூட இல்ல மாமா" என்பார். புழுக்கள் இருந்த தொட்டியைச் சுற்றி அந்த ஐஸை அடுக்குவேன்.

அந்த மாசியில் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் கட்டி. நான் அழவில்லை. பால் தெளித்த மறுநாளே வேலைக்குக் கிளம்பினேன். எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாகத்தான் இருந்தது. வேறு வேறு செருப்பு போட்டிருப்பதைப் பஸ்ஸில்தான் பார்த்தேன்.

தொட்டியில் எதுவும் அசையவில்லை. ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு கல் அடைத்திருந்தது. நான் வராத நாளில் வாட்ச்மேன் ஐஸ் போட மறந்திருப்பார், செத்துவிட்டன என்று நினைத்து, எல்லாவற்றையும் பின்பக்கக் கால்வாயில் கொட்டினேன்.

மலைக்குப் போயிருந்த பெண் மத்தியானம் வந்தாள்.

"தாத்தா, தொட்டி காலியா கெடக்கு?"

"செத்துப்போச்சும்மா. வாய அடச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. கொட்டிட்டேன்."

தோளில் இருந்த பையை அவள் இறக்கவில்லை. "அடச்சிக்கிட்டாதான் தாத்தா உள்ள எறக்க மொளைக்கும். இதுக்குத்தான இத்தன நாளா காத்துக்கெடந்தோம்."

என் வீட்டு விஷயம் தெரிந்ததால் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இருவரும் டீ வடிகட்டியோடு கால்வாயில் இறங்கினோம். ஒரு பெரிய கல்லின் அடியில் மூன்று குழாய்கள் சிக்கியிருந்தன.

மறுபடி ஐஸ் வந்தது. "எங்கக்கா போயும் எனக்கு ஐஸ் தூக்கறதுலேர்ந்து விடுதல இல்ல பாரு மாமா" என்றவர், தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், இரண்டு குழாய்களில் இருந்தவை கறுத்துப்போயிருந்தன. மூன்றாவதிலிருந்து இறக்கையோடு வந்தது, தொட்டியை மூடிய வலைமேல் உட்கார்ந்திருந்தது. பழுப்பு நிறம், சின்ன அந்துப்பூச்சி மாதிரி. அவள் உடனே பிடித்து ஸ்பிரிட் பாட்டிலில் போட்டாள்.

"அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதான் தாத்தா. இனிமே எந்த வகைன்னு எழுதிடலாம்."

மச்சானுக்குப் போன் போட்டேன். "நாளையிலேர்ந்து ஐஸ் வாணாம் மச்சான்."

"அப்ப எனக்குச் சிதம்பரத்துல வேலையில்லங்கற."

"சும்மா வாயேன்" என்றேன்.