மறுப்பு எங்கே போனது

அந்தத் திங்கட்கிழமை நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது, எங்கள் முதலாளி எதுவார் சார் அன்றைய பேப்பரைச் சுருட்டி மேஜையை அடித்துக்கொண்டிருந்தார்.

கருவடிக்குப்பத்தில் மாடியில் இயங்கிய சின்ன கம்பெனி எங்களுடையது. தமிழில் வலைப்பதிவு எழுத ‘ஏடு’ என்றொரு சாஃப்ட்வேர் செய்தோம். நான் அதற்கு டெஸ்டர்; ‘பக்’ எனப்படும் பிழைகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் போடுவது என் வேலை. அதே ஊரில், மேட்டுப்பாளையத்தில் இன்னொரு கம்பெனி ‘பலகை’ என்று ஒன்றை விற்றது. ஊரில் வலைப்பதிவு எழுதியவர்களை அப்போது ஒரே டெம்போவில் ஏற்றிவிடலாம். ஆனாலும் போட்டி கடுமை.

உள்ளூர்ப் பேப்பரின் கம்ப்யூட்டர் பக்கத்தில் இரண்டையும் ஒப்பிட்டிருந்தார்கள். பலகைக்கு ‘கண்ணைக் கவரும் நிறங்கள்’. எங்களுக்கு, ‘தலைப்பில் கேள்விக்குறி போட்டால் பதிவு காணாமல் போகிறது’.

“அவனுக்குக் கலரு, நமக்கு மட்டும் ‘பக்’கா? பலகைல ஒருத்தர் போட்ட கமெண்டு இன்னொருத்தர் பக்கத்துல போயி உக்காருதே, அதை ஏன் எழுதல?” என்றார் சார். பிறகு குரலை இறக்கி, “கீதா, இது நெசமா?” என்றார்.

“நெசந்தான் சார். மூணு வாரமா பக் லிஸ்ட்ல இருக்கு. தலைப்புல எவன் கேள்வி கேக்கப் போறான்னு நீங்கதான் தள்ளி வெச்சீங்க.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. ஏட்டை வாங்குவதாக இருந்த ஒரு கல்லூரியிலிருந்து காலையிலேயே விளக்கம் கேட்டுப் போன் வந்துவிட்டது. அந்த ஆர்டர் போனால் எங்கள் நான்கு பேருக்கும் வேலை இல்லை.

கட்டுரை எழுதிய நிருபர் செந்திலை வரவழைத்தார். அவர் ஹெல்மெட்டோடு வந்து உட்கார்ந்தார்.

“மறுப்பு போடணும்.”

“எழுதிக் குடுங்க சார், போடறேன்.”

“எதுக்குப் பேப்பர்ல எழுதணும்? நம்ம ஏட்டுலயே எழுதறேன். பாத்துப் போட்டுக்கங்க.”

சார் ஒரு மணி நேரம் தட்டச்சு செய்தார். கடைசியில் தலைப்பு வைத்தார்: ‘பிழை எங்கே?’

“சார், தலைப்பு...”

“சும்மா இரும்மா. தலைப்பு நறுக்குனு இருக்கணும்.”

பட்டனை அழுத்தினார். திரையில், ‘நீங்கள் தேடிய பக்கம் இல்லை’ என்று வந்தது. சார் குனிந்து நெட் கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினார். மறுபடியும் அதே வரி.

செந்தில் நோட்டைத் திறந்து, “மறுப்பு எங்க சார்?” என்றார். கிண்டலே இல்லை, நிஜமாகவே கேட்டார்.

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். சார் திடீரென்று தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். “மோந்தியே!” என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். “கீதா, இன்னும் எத்தன பக் இருக்கு?”

“இருவத்தி மூணு சார்.”

“எல்லாத்தையும் இவருகிட்ட குடுத்துடு. எதை என்னைக்குச் சரி பண்ணுவோம்னும் எழுதிக் குடு.”

தலைப்பு அப்படியே பக்கத்தின் முகவரிக்குள் போனதுதான் கோளாறு. கேள்விக்குறி வந்ததும் முகவரி அங்கேயே முறிந்துவிடும். சாயங்காலத்துக்குள் சரி செய்தோம். அடுத்த வாரம் பட்டியல் பேப்பரில் வந்தது. கல்லூரி முதல்வர் போன் செய்து, “தன் குறைய தானே சொல்ற கம்பெனிய இப்பதான் பாக்கறேன்” என்று ஆர்டரை உறுதி செய்தார்.

மறுநாள் செந்தில் சிரிப்பை அடக்க முடியாமல் என்னைக் கூப்பிட்டார். பலகை முதலாளி பேப்பர் ஆபீசுக்கே சண்டைக்கு வந்துவிட்டாராம். “ரெண்டு வாரமா ஏடு பேருதான் வருது. எங்ககிட்ட பக் இல்லியா? ஏன் போட மாட்டேங்கறீங்க?” கையில் முப்பத்தொரு பக் கொண்ட பட்டியலாம்.

பிறகு பல கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டேன். பிழை இல்லாத சாஃப்ட்வேரை எங்கும் பார்க்கவில்லை. யாராவது குறை சொன்னால், அவர் யார் பக்கம் என்று இப்போது யோசிப்பதில்லை. “என்ன செஞ்சப்ப வந்துச்சு?” என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்.