சாயிப்பின் ரயிலுக்கு நான் மாட்டிய ராடு

வளைகுடாவில் எதையும் சின்ன அளவில் மாடல் செய்யும் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாளே ஒரு பொய் சொன்னேன். "கரண்டில ஓடுத ரயில் எஞ்சின் கண்டதுண்டா?" என்று மேனேஜர் கேட்டார். நெய்யாற்றின்கரைக்காரர். "தாராளம் கண்டிருக்கேன் சாரே" என்றேன். கண்டது எங்கே! நான் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது எங்கள் பாறசாலையில் தண்டவாளம் போடவே இன்னும் மண் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தனுவச்சபுரத்தில் கதவும் ஜன்னலும் செய்துகொண்டிருந்த தச்சுவேலைக்காரன் நான்.

பொய்க்குக் காரணம் உண்டு. குடியிருப்பவனுக்கே மனை என்ற குடிகிடப்புச் சட்டத்தில் எங்கள் ஓலைவீடு நின்ற பத்து சென்ட் எங்கள் பேருக்கே வந்திருந்தது. அதில் கல்வீடு கட்டாமல் ஓயமாட்டேன் என்று மனைவி தங்கத்திடம் வீரம் பேசிவிட்டு வந்திருந்தேன். கம்பெனியிலோ மூன்று மாதம் பார்த்துத்தான் வேலை நிரந்தரம்.

அந்த மூன்றாம் மாதம் ஒரு வயதான சாயிப்பு, வெள்ளைக்காரர், வந்தார். எண்ணெய்க் கம்பெனி எஞ்சினியர். சொந்த நாட்டில் அவர் ஊர் வழியாக ஓடிய மின்சாரப் பயணிகள் ரயிலை, கம்பமும் மேல்கம்பியுமாக, நாற்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்துதரக் கேட்டார். எஞ்சினே விசித்திரம். நடுவில் பெட்டி, முன்னும் பின்னும் நீண்ட மூக்கு. மோட்டார் நேராகச் சக்கரத்தைச் சுற்றாது. ஒரு குறுக்குத் தண்டைச் சுற்றும், அந்தத் தண்டிலிருந்து இருபக்கமும் ராடுகள் சக்கரங்களை இழுக்கும். அவர் தந்த போட்டோ ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம்தான் தெரிந்தது.

தச்சன் கண்ணுக்கு ஒப்பம் முக்கியம். கதவின் இரண்டு பாளியும் ஒன்றுபோல இருக்க வேண்டாமா? இடப்பக்க ராடு எந்த நிலையில் நின்றதோ, அதே நிலையில் வலப்பக்கமும் மாட்டினேன். என்ன அழகு! எனக்கே பெருமை தாங்கவில்லை.

சாயிப்பு பார்க்க வரும் நாள் காலையில் கரண்டு கொடுத்தோம். அரைச் சுற்று ஓடி நின்றது. விரலால் தள்ளினால் ஓடும், மறுபடி நிற்கும். மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இது ஓடல்லன்னா அடுத்த பிளைட்ல நீ ஊரு பாத்துப் போவலாம்" என்றார்.

பக்கத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த பூவார் லாரன்ஸ் சிரித்தான். பனச்சமூட்டில் தையல்காரனாக இருந்தவன். "எலே மக்கா, எனக்க தையல் மிஷினுக்கும் இதே தீனமாக்கும். ராடும் சக்கரமும் ஒரே நேரா வந்து நின்னா, எவ்வளவு சவுட்டினாலும் அனங்காது. கையால சக்கரத்தத் தள்ளணும்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. என் எஞ்சினில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அல்லவா செத்து நிற்கிறது! ஒரு பக்கத்தைக் கால் சுற்று தள்ளி மாட்டினால், ஒன்று நிற்கும்போது மற்றது இழுக்கும்.

"அப்ப மாத்திப் போடுல" என்றான் லாரன்ஸ்.

"எந்தப் பக்கம் முன்னால போவும்னு தெரியாதே. சாயிப்புக்கு அதுல எத்தன ஆணின்னுகூடத் தெரியும்."

"அவரிட்ட கேளு."

கேட்டால் பொய் வெளியாகும். கேட்காவிட்டால் எஞ்சின் பொய்யாகிவிடும். சாயிப்பு உள்ளே வந்ததும், மேனேஜர் நிற்கும்போதே சொல்லிவிட்டேன்: "சாரே, நான் கரண்டு எஞ்சின் கண்டதே இல்ல. கள்ளம் சொன்னேன். எந்தப் பக்க ராடு முன்னால போவும்னு இவரிட்ட கேட்டுச் சொல்லணும்." மேனேஜர் முகம் கறுத்தது. ஆனாலும் இங்கிலீஷில் அப்படியே சொன்னார்.

சாயிப்பு கைப்பையைக் கீழே வைத்தார். இரண்டு முழங்கையையும் மடக்கினார். வலது கை மேலே, இடது கை முன்னே. அப்படியே கைகளைச் சுழற்றிக்கொண்டு, வாயால் சத்தம் போட்டபடி மேசையை ஒரு சுற்று நடந்தார். சின்ன வயதில் அவர் விளையாடிய ரயில் அது. எழுபது வயது மனிதர், கோட்டும் டையும் போட்டு! லாரன்ஸ் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டான்.

அவர் கையைப் போலவே இடப்பக்கம் கால் சுற்று முன்னால் போகும்படி ஒரு மணி நேரத்தில் மாற்றி மாட்டினேன். எஞ்சின் நிற்காமல் ஓடியது. சாயிப்பு குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்தார்.

அதன்பின் இருபத்திரண்டு வருடம் இந்தத் தொழில் செய்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. கதை கேட்கும் பிள்ளைகளே, இதில் படிக்க வேண்டியது அவ்வளவுதான்.

அன்று மாலை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இனி என்கிட்ட கள்ளம் சொல்லாதே கேட்டியா" என்றார். 'இனி' என்றால் வேலை நிரந்தரம்தான். நான் அறைக்குப் போய்த் தங்கத்துக்குக் கடிதம் எழுதினேன்: அஸ்திவாரம் தோண்டச் சொல்லு.