ஏழு பைட்டில் அடங்காத பெயர்

எங்கள் மேலாளர் தன் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, அச்சான ஒட்டுத்தாளைக் கிழித்து எங்கள் முன் நீட்டியதை நினைத்தால் இன்றும் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. ஏழெழுத்துப் பெயர், முழுதாக வந்திருந்தது. "பாருங்க, மென்பொருளில பிழையில்ல. தமிழ் எழுத்துத்தான் பிரச்சினை" என்றார்.

மட்டக்களப்பு நகரில் வாவியோரத்து மாடியொன்றில் இயங்கிய சிறிய நிறுவனம் அது. ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்காக, இரத்த மாதிரி எடுக்கும் குழாய்களில் ஒட்டும் பெயர்த்தாளை அச்சிடும் மென்பொருளைச் செய்தோம். பைதன் நிரலை அச்சுப்பொறியோடு இணைக்க C மொழியில் ஒரு நீட்சி. பெயரின் நீளத்தை அளக்கும் மக்ரோ என்ற குறுநிரலை அதில் மேலாளரே எழுதியிருந்தார். மேற்கோள் குறிக்குள் நேரே எழுதிய சொல்லென்றால் அது சரியாக அளக்கும். சொல் இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியைக் கொடுத்தாலோ, சொல்லை விட்டுவிட்டுச் சுட்டியையே அளந்துவிடும். சுட்டியின் அளவு எட்டு பைட், முடிவுக்குறிக்கு ஒன்று போக ஏழு. நோயாளிகளின் பெயர் சுட்டியாகவே வரும்; எவர் பெயரானாலும் ஏழுதான். ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதும்; தமிழில் 'க' ஒன்றுக்கே மூன்று பைட் வேண்டும்.

அதனால் கந்தையாவும் கந்தசாமியும் ஒரே நாளில் வந்தபோது, இரண்டு குழாயிலும் 'கந' என்றே அச்சானது. கந்தையாவின் இரத்தப் பரிசோதனை முடிவு கந்தசாமிக்குப் போனது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சித்தாண்டி விவசாயியான கந்தசாமி காலில் புண்ணோடு வட்டை வயற்சேற்றில் இறங்கினார். கடைசியில் கால்விரலை வெட்டவேண்டியதாயிற்று.

என்னோடு வேலைசெய்த அக்காதான் பிழையைக் கண்டுபிடித்தார். மெதடிஸ்த குடும்பத்துப் பெண், அதிர்ந்து பேசாதவர். "சேர், பிழை தமிழில இல்ல. உங்கட மக்ரோவில" என்றார். ஒரே வரியில் திருத்தியும் காட்டினார். அதை அனுப்பினால் தன் பிழை வெளியே வருமென்று மேலாளர் தடுத்தார். இனிப் பெயர்களை ஆங்கிலத்தில் அடிக்கும்படி நிலையத்துக்கு அறிவித்தார். அக்கா நேரே போய் வைத்தியரிடம் உண்மையைச் சொன்னார். மறுநாள் அவருக்கு வேலையில்லை. கொஞ்ச நாளில் நானும் விலகினேன். வைத்தியரோ, ஆங்கிலமே போதுமென்று இருந்துவிட்டார்.

அண்மையில் அம்மாவை அந்த மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பக்கத்துக் கதிரையில் கந்தசாமி. தாதி வைத்த குழாயைச் சந்தேகத்தோடு பார்த்து, "மகள், இது என்ட பேர்தானா?" என்று என்னிடம் கேட்டார். ஆங்கிலத்தில் ஏழெழுத்தோடு நின்று, 'கந்தசா' வரைதான் இருந்தது. தாதியிடம் பேனையை வாங்கி, அந்த எழுத்துகளின் மேலேயே கந்தசாமி என்று தமிழில் அழுத்தி எழுதினேன்.