ஒரே இடத்தில் எடுத்த படங்கள்

மத்தியானச் சங்கு ஊதினால் பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களை முதலில் கீழே இறக்கிவிடுவோம். அப்புறம்தான் சுரங்கத்தில் வேட்டு வெடிக்கும். அரியலூரில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டும் இடங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன வேலை. சுவரில் விரிசல் விட்டால் பூசிக்கொள்வோம். "சுரங்கம் செந்துறை ரோட்டுப் பக்கமாத்தான் போவுது, நம்ம பக்கம் வராது" என்பார் என் கணவர். அவருடைய அப்பா விட்டுப்போன நிலத்தில் கட்டிய வீடு. சுரங்கத்துக்காக விலை பேச வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார்.

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சிறுகோள் தேடும் இணையப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்தேன். வானத்தின் ஒரே துண்டை இடைவெளி விட்டு எடுத்த படங்கள் வரும். கணினியில் மாற்றி மாற்றி ஓட்டினால் நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும், நகர்கிற புள்ளிதான் சிறுகோள். கண் பூத்துப்போகும். ஒருநாள் ஒரு புள்ளி நகர்ந்தது. குறித்து அனுப்பினேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கல், இதுவரை யாரும் குறிக்காதது, அதை உறுதிசெய்யச் சில வருடங்கள் பிடிக்கும் என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வானத்துல கெடக்கிற கல்லு தெரியுது, அரிசில கெடக்கிறது தெரியல" என்றார் கணவர். ஆனால் தெரு முழுக்கச் சொன்னதும் அவர்தான்.

பக்கத்து வீட்டு அக்கா பயந்துபோய் வந்தார். "அது நம்ம வூட்டு மேல வுழுமா டீச்சர்?"

"அது பாட்டுக்கு அங்கயே சுத்தும்க்கா. இங்க வராது."

கண்டுபிடித்த விதத்தை அவருக்குக் காட்ட நினைத்தேன். வருடாவருடம் பொங்கலன்று மாடியில் ஒரே மூலையில் நின்று நாங்கள் படம் எடுப்பது வழக்கம். செல்போனில் அவற்றை வரிசையாகத் தள்ளினேன். "நிக்கிறத விடுங்க, நகர்றத மட்டும் பாருங்க."

நாங்கள் நின்றோம். தண்ணீர்த் தொட்டி நின்றது. எங்களுக்குப் பின்னால், சுரங்கத்து விளிம்பின் வெள்ளைக் கோடு நகர்ந்தது. முதல் படத்தில் அது பக்கத்து முந்திரிக்கொல்லைக்கு அப்பால் இருந்தது. அடுத்ததில் கொல்லை பாதியாகியிருந்தது. மறுநடவுக்கு வெட்டுகிறார்கள் என்று அப்போது நினைத்தோம். போன பொங்கலில் கொல்லையே இல்லை, கோடு எங்கள் மோட்டார் கொட்டகையை ஒட்டி நின்றது. தினம் பார்த்த கண்ணுக்கு இது தெரியவில்லை. எல்லாப் படத்திலும் அதற்கு முதுகைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"இது வருமா டீச்சர்?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

கணவர் செல்போனை வாங்கி, முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சங்கு ஊதியது. யாரும் பரணுக்குப் போகவில்லை.

"அடுத்த பொங்கலுக்கு சுரங்கம் தெரியாத பக்கமா நின்னு எடுத்துக்குவோம்" என்றார்.