கருப்பாயி இறங்காத வயல்

வாத்தைப் போய் யாராவது வாயில்லா ஜீவன் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் என் வயலை ஒட்டிக் காத்தவராயன் மாமா வாத்துப் பட்டி போட்டாரென்றால், விடியலில் எங்கள் தெருவே தூங்கின மாதிரிதான். நான் போய்ச் சண்டை போடுவேன். "பசிக்குதுன்னு சொல்லுதுங்க மாப்ள, உங்கிட்டயா சோறு கேட்டுது?" என்பார்.

சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா. வாத்து மேய்ப்பதுதான் பிழைப்பு. அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லும் நத்தையும் வாத்துகளுக்கு இரை. அவர் மனைவி கொளஞ்சியம்மாள் முட்டைக் கூடையோடு டவுன் பஸ் ஏறிச் சிதம்பரம் போவார். குஞ்சுகளெல்லாம் மெஷினில் பொரித்தவை, தாய் முகம் அறியாதவை. பெட்டியைத் திறந்ததும் பார்ப்பது மாமாவின் காலைத்தான். அதனால் அவரே தாய். "பா... பா..." என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும், வாய்க்கால் தாண்டி விழுந்தடித்து ஓடி வரும்.

இந்த வருஷம் அறுத்த கையோடு எல்லோரும் டிராக்டர் விட்டு உழுதுவிட்டார்கள். தரையில் ஒரு நெல்மணி இல்லை. வாத்துகள் வெறும் மண்ணைக் கொத்தின. மாமாவும் சரியாகச் சாப்பிடவில்லை. "அதுங்க பட்டினி கெடக்க எனக்கு எறங்குமாடா?" என்றார்.

செந்தமிழ்செல்வன் என்பவரின் வயல் ஒன்று மட்டும் உழாமல் கிடந்தது. மேய்த்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு அடுத்த வயலில் புதிதாக நாற்று விட்டு, பூச்சி கொல்லும் குருணை மருந்து தூவி, அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மாமா அதைப் பார்க்காமல் இல்லை. நடுவில்தான் வரப்பு இருக்கிறதே என்று நினைத்தார். அந்த வரப்பில் நண்டு வளை இருந்தது. மருந்துத் தண்ணீர் அதன் வழியே கசிந்து இந்த வயலில் தேங்கியிருந்தது யாருக்கும் தெரியாது.

வாத்துகளுக்கு என்ன தெரிந்ததோ, வாய்க்காலைத் தாண்டிக் கரையேறிய கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. எப்போதும் முன்னால் போவது கருப்பாயி என்கிற கறுப்பு வாத்து. அது கழுத்தை நீட்டி வயலைப் பார்த்தது, பின்வாங்கியது. மாமா கூப்பிட்டார், கம்பால் தரையைத் தட்டினார், ஒன்றும் அசையவில்லை. வாத்துக்காரர்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு. முன்னத்தி வாத்தைத் தூக்கி வயலில் எறிந்தால் மற்றவை தானாகக் குதிக்கும். எறிந்தார். கருப்பாயி கத்திக்கொண்டே போய் விழுந்தது. மொத்தக் கூட்டமும் பின்னால் குதித்தது.

வெயில் ஏறுவதற்குள் ஒவ்வொன்றாகக் கழுத்து துவண்டது. மாமா சேற்றில் விழுந்து எழுந்து, அள்ளி அள்ளிக் கரையில் போட்டார். கருப்பாயி அவர் மடியிலேயே இழுத்துக்கொண்டு கிடந்து செத்தது. சத்தம் கேட்டு நானும் ஓடினேன். அந்த மருந்தைக் கண்டுபிடித்தவனிலிருந்து எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். திட்டி என்ன ஆகப் போகிறது?

கால்நடை டாக்டர் வினோதினி வந்து ஊசி போட்டுப் பார்த்தார். ஏதோ சில தலை தூக்கின, அவ்வளவுதான்.

"அது வரமாட்டேன்னுச்சிம்மா. நாந்தான் தூக்கி எறிஞ்சேன்" என்று மாமா அவரிடம் கதறினார்.

"வாடை புடிச்சிதா, வேற எதுனா பாத்துதான்னு என்னால சொல்ல முடியலிங்க ஐயா. ஆனா பயம்னா அதுங்களுக்கும் பயந்தான். யாரு பயமுறுத்துனாங்கன்னும் ஞாபகம் வச்சிக்கும். இதெல்லாம் ஆராய்ச்சியில இப்பதான் ஒத்துக்குறாங்க."

பிழைத்தது கொஞ்சம்தான். அவை வயலை விட்டு ஓடி வாய்க்கால் தண்ணீரில் ஒண்டியிருந்தன. எதிர்க்கரைக்கு அப்பால் அந்த விஷ வயல், இந்தக் கரையில் நாங்கள். இருட்டுவதற்குள் பட்டியில் அடைக்காவிட்டால் பசிக்கு மறுபடி அங்கேதான் ஏறும்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பா... பா..." என்றார்.

குரல் கேட்டதும் வாத்துகள் சிதறி எதிர்க்கரையில் ஏறின. மாமா பதறிப்போய் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். அவை வயல் ஓரத்துக்கே போய்விட்டன. நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். அவர் ஓரடி பின்னால் வைத்தார், அவை நின்றன. இன்னும் பின்னால் போனார், ஒன்றிரண்டு தண்ணீருக்குத் திரும்பின. அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வேன்! துண்டை வாயில் திணித்துக்கொண்டு, அவை பார்க்காத இடமாக நாணல் புதருக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுத்தார்.

நான் போன் செய்து சொன்னதும் சிதம்பரத்திலிருந்து அலறியடித்து வந்தார் கொளஞ்சியம்மாள். செத்துக் கிடந்தவற்றைப் பார்த்து அழுதார், பிறகு தன் குரலில் கூப்பிட்டார். வெகுநேரம் யோசித்து, ஒன்றன்பின் ஒன்றாக அவரிடம் வந்தன.

பட்டியை மூடிவிட்டு நாணல் பக்கம் போனேன். "எல்லாம் வந்துட்டுது மாமா, எழுந்து வா" என்றேன்.

மாமா துண்டை வாயிலிருந்து எடுக்கவே பயந்தார்.

"மெதுவாப் பேசு மாப்ள" என்றார் கிசுகிசுப்பாக. "நான் இங்க இருக்கறது அதுங்களுக்குத் தெரிஞ்சிடப் போவுது."