விளக்கு மாற்றியவருக்கு நான் செய்தது

முதலில் ஒரு பொத்தான் காணாமல் போனது. சட்டை கையில் இருக்கிறது. பொத்தான் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளியாக ஏதோ நெளிகிறது. சற்று நேரத்தில் இடது மண்டை பிளந்தது. ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

தாம்பரத்தில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் துணியின் நிறம் பார்ப்பது என் வேலை. ஒரே சட்டையின் கையும் உடம்பும் ஒரே சாயமா என்று சொல்ல வேண்டும். அந்த மாதம்தான் எங்கள் மேலாளர் பழைய டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு மலிவான எல்இடி போட்டிருந்தார். நீலம் பாய்ந்த வெள்ளை.

வலி வாரம் மூன்று முறை வந்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும், "லீவு வேணும்னா நேரா கேளுங்க மேடம். தினம் ஒரு டிராமா வேணாம்" என்றார். யாரோ சிரித்தார்கள். அதை நான் மறக்கவில்லை.

"எங்க இருக்கும்போது வருது?" நரம்பியல் மருத்துவர்தான் முதன்முதலாகக் கேட்டார். வேலை இடத்தில் என்றேன். மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) என்றார். கண்ணில் நெளிவது ஆரா (வலிக்கு முன் தோன்றும் ஒளிக்கோலம்). "சில லைட் ஃபிளிக்கர் ஆகும் (கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரியும்). போன் கேமராவுல பாருங்க."

பார்த்தேன். திரை முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடின.

மேலாளரிடம் காட்டினேன். "சார், இந்த லைட்ல சிவப்பே சரியாத் தெரியல."

"இங்க தெரியறதை வச்சு பாஸ் பண்ணுங்க, போதும்."

"அதை மெயில்ல போடுங்க சார்."

எரிச்சலில் போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் மெரூன் சட்டைகள் வந்தன. கையும் உடம்பும் ஒன்றாகத்தான் தெரிந்தன. சந்தேகம் இருந்தது. பத்தடி நடந்தால் ஜன்னல். வெயிலில் பிடித்தால் தெரிந்துவிடும். பதினோரு வருடமாக அப்படி நடந்தவள், அன்று நடக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம் என்று சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. விசாரணையில் அந்த மெயிலை நீட்டினேன். மேலாளர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். இனித்தது; மறைக்க மாட்டேன். அவரை வேறு கிளைக்கு அனுப்பினார்கள்.

தையல் பிரிவு ஸ்டெல்லா என் தோழி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, மற்றவர்களோடு அத்தனை சட்டைக் கைகளையும் பிரித்துத் தைத்தாள்.

"நீ ஜன்னலாண்ட போவலியாக்கா?"

"போகல."

அதற்கப்புறம் பல நாள் அவள் என்னோடு பேசவில்லை.

விசாரணைக்குப் பிறகு விளக்குகளை மாற்றினார்கள். இப்போது வேலைக் கூடத்தில் விட்டுவிட்டு எரியாத இளமஞ்சள் எல்இடி. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. மெரூன் மெரூனாகவும் தோல் தோலாகவும் தெரிகிறது. ஸ்டெல்லாவின் விரல் நுனியில் சிவந்த ஊசிக் காயங்களை அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவளிடம் மட்டும்.

தடுப்பு மாத்திரை (வலி வராமலிருக்க தினமும் எடுப்பது) தொடர்கிறது. வலி மாதம் ஒருமுறையாகக் குறைந்திருக்கிறது. உங்கள் வலியை நடிப்பு என்பவர் இருந்தால், அவர் சொல்வதை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஆனால் அடி யார் மேல் விழும் என்று முதலில் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

போன வாரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் பழைய மேலாளர் எதிரே வந்தார். "தலைவலி எப்படி இருக்கு?" என்றார்.

"இருக்கு சார்."

இன்னும் ஏதோ சொல்ல வந்தார். இடது மண்டை அன்று அமைதியாக இருந்தது. வலி இல்லாத நேரம் இப்போது எனக்கே எனக்கான நேரம். அதில் அவருக்கு இடமில்லை. ரயிலேறிவிட்டேன்.